வேலைக்கும் ஒரு கிழமை

ஆபீஸ் வேலைக்கு ஒரு சௌகரியம் உண்டு. மாலை ஆறு மணி அடித்ததும் மேஜையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம். மீதி வேலை மேஜைக்குள் கிடக்கும். நம்மைத் துரத்திக்கொண்டு பஸ் ஏறாது. வீட்டு வேலைக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பளிச்சென்று துடைத்துவிட்டு நிமிர்ந்த சமையல் மேடையிலேயே அடுத்த வேளைக் காபித் தூள் சிந்துகிறது. மடித்து வைத்த துணி அலமாரிக்குப் போய்ச் சேருவதற்குள் அழுக்குக் கூடையில் இரண்டு சட்டை விழுந்துவிடுகிறது.

இருந்தாலும், வேலை அதிகம் என்பதனால் மட்டும் ஒரு பெண் சோர்ந்து போவதில்லை என்பது என் அபிப்பிராயம். கல்யாண வீட்டில் நாம் செய்கிற வேலைக்கு அளவுண்டா? அங்கே யாரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. ஏழு நாளைய வேலையும் ஒரே சமயத்தில் கண்ணில் படுவதுதான் உபத்திரவம். கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மின்விசிறியில் தூசி. ஜன்னல் கம்பியில் ஒட்டடை. நாற்காலி முதுகில் துவைத்த துணி. மேஜையில் கட்ட வேண்டிய மின்சார பில். ஃபிரிட்ஜில் எப்போதோ வைத்த சட்னி. ஒவ்வொன்றும் 'என்னைக் கவனி, என்னைக் கவனி' என்று கையைப் பிடித்து இழுக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று யோசிப்பதற்குள் பாதி ஆயாசம் வந்துவிடுகிறது.

இதை நான் நன்றாக அறிந்துகொண்டது சென்ற வருஷம் கார்த்திகை மாதத்தில். என் மாமியாருக்கு எழுபத்துநாலு வயது. விடியற்காலையில் பால் பாக்கெட்டை எடுக்கப் போனவர் வாசற்படியில் கால் தடுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கச் செய்தார்கள். இந்தக் கால வைத்தியம் அப்படி. ஆனால் ஆஸ்பத்திரியில் நிற்பது வேறு, வீட்டில் நடமாடுவது வேறு. அதற்கு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்களுடையது சென்னையில் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீடு. நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை ஒன்பதாம் வகுப்பு. பெண் ஐந்தாம் வகுப்பு. காய் நறுக்குவது, பாலைக் காய்ச்சுவது, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகளுக்குக் கதவைத் திறப்பது, இஸ்திரிக்குத் துணி எண்ணிப் போடுவது என்று பாதி வீட்டை அதுவரை அத்தைதான் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் விழுந்ததும் வீட்டிலிருந்து இரண்டு கை போய், அந்த இடத்தில் ஒரு கட்டில் வந்து சேர்ந்தது. பாத்திரம் தேய்க்கிற அம்மாள் காலையில் ஒரு மணி நேரம் வருவார். அதற்கு மேல் அவரைக் கேட்பது நியாயமில்லை. அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் பாத்திரம் தேய்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவரும் அவரேதான்!

ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். காலையிலிருந்து கண்ணை உறுத்திக்கொண்டிருந்த பரணை ஒழிக்கலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். தூக்கம் வராமல் படுத்திருந்த அத்தை குரல் கொடுத்தார்.

"ஏம்மா, இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன், அத்தை."

"புதன்கிழமையிலே யாராவது பரண் ஒழிப்பாங்களா?"

"பின்னே எந்தக் கிழமையிலே ஒழிப்பாங்க?"

"கிழமை என்ன கிழமை! போகிப் பண்டிகைக்கு ஒழிப்பாங்க. அதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. இறங்கி வந்து படு."

சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன். ஆனால் படுத்த பிறகு அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. பரணுக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாள் வருகிற வரையில் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை! எவ்வளவு பெரிய நிம்மதி, பாருங்கள்.

மறுநாள் முதல், அத்தைக்குத் தலை வாரிவிடும்போதும் மருந்து கொடுக்கும்போதும் அந்தக் காலத்துக் கிழமைக் கணக்கை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை வீடு கழுவிக் கோலம் போட்டு, நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் பூஜை விளக்கைத் தேய்ப்பதில்லை. ஆகையால் வியாழக்கிழமையே புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடுவார்கள். எண்ணெய் ஸ்நானம் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. வெந்நீர் அடுப்பு, சீயக்காய், தலை துவட்டத் துணி, அன்றைக்கு மிளகு ரசம் எல்லாமே அந்தக் கிழமையைப் பார்த்துத் தாமாக நடக்கும். அரிவாள்மணையும் தையல் மெஷினும் சுத்தமாவது ஆயுத பூஜைக்கு. எத்தனையோ வீடுகளில் தையல் மெஷின் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெயைக் கண்டது சரஸ்வதி தேவியின் கருணையினால்தான்! பாலும் தண்ணீருமாகச் சாஸ்திரமும் சௌகரியமும் இதிலே கலந்திருந்தன.

நம் நாட்டில் மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெகு காலம் வரையில் திங்கட்கிழமைதான் துணி துவைக்கும் நாள். நாள் முழுவதும் தண்ணீர் இறைத்து, அடுப்பு மூட்டிக் காய்ச்சித் துவைக்க வேண்டிய காலம் அது. துவைக்கிறவளுக்குச் சமைக்க நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை பெரிய விருந்தாகச் சமைத்ததில் மிஞ்சியதைத் திங்களன்று சாப்பிட்டுச் சமாளித்தார்கள். செவ்வாய்க்கிழமை இஸ்திரி. லாரா இங்கல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்க மாது தமது குழந்தைப் பருவத்தை வைத்து 1932-இல் வெளியிட்ட முதல் நாவலில் அவருடைய தாயாரின் வாரம் வருகிறது. துவைப்பதில் தொடங்கிச் சனிக்கிழமை ரொட்டி சுடுவதில் அது முடிகிறது. காட்டுக்குள்ளே, அக்கம்பக்கத்தில் யாருமில்லாத மரவீட்டில் இருந்த அந்த அம்மாளுக்கும் ஒரு கிழமைக் கணக்கு வேண்டியிருந்திருக்கிறது!

ஆனால் ஒன்று. அவர்களுடைய திங்கட்கிழமையை நாம் இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஒட்டாது. எனக்குத் திங்கட்கிழமை என்பது ஆபீசில் மூச்சு விட நேரமில்லாத நாள். வீட்டுக்கு வரும்போது உடம்பு துவண்டு போயிருக்கும். இப்போது கைப்பேசியைத் திறந்தால் வாரத் திட்டம் போட்டுக் காட்டுகிற வீடியோக்களுக்குக் குறைவில்லை. ஏழு வர்ணப் பேனாக்கள், பளபளக்கும் அட்டை, ஒரு பொட்டுத் தூசி இல்லாத வீடு. அவ்வளவு சுத்தமான வீட்டுக்குத் திட்டம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும். போகட்டும். நம் வீட்டில் தண்ணீர் எந்த நாளில் தாராளமாக வருகிறது, யாருக்கு எந்த நாளில் ஓய்வு, காய்கறி எந்த நாளில் புதிதாகக் கிடைக்கிறது, வேலைக்கு வருகிற அம்மாள் எந்த நாளில் வரமாட்டார் என்பவற்றை வைத்துத்தான் நமது வாரம் அமைய வேண்டும்.

அது மார்கழி மாதம். தினசரி காலண்டரில் தேதிச் சீட்டுகள் கிட்டத்தட்டத் தீர்ந்து, முருகன் படம் போட்ட அட்டை மிஞ்சியிருந்தது. அதன் பின்புறத்தில் ஏழு கோடு போட்டேன். வேலைகளை எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். தினமும் கண்டிப்பாகச் செய்ய வேண்டியவை எவை என்று பிரித்துப் பார்த்தேன். எழுதிப் பார்த்தால் மூன்றுதான் தேறின. சமையல் ஒன்று. இரவு படுக்கும் முன் பாத்திரத் தொட்டியைக் காலி செய்வது இரண்டு. மூன்றாவது, அத்தையின் கட்டிலிலிருந்து குளியலறை வரையில் உள்ள வழி. அதில் ஈரம் இருக்கக்கூடாது; மிதியடி, ஒயர், குழந்தைகளின் பை என்று காலில் தடுக்கும் சாமான் ஒன்றும் கிடக்கக்கூடாது; இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரிய வேண்டும். இன்னொரு முறை விழுந்தால் என்ன ஆகும் என்பதை டாக்டர் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இந்த வழியின் முன்னால் ஷோகேஸ் பொம்மைகள் மீது படிந்த தூசி ஒரு தூசியா?

மற்றவையெல்லாம் கிழமைக்குப் போயின. ஒரு கிழமையின் வேலைக்கு முக்கால் மணி நேரந்தான் கெடு. மணி ஆனதும் துடைப்பத்தை மூலையில் சாத்திவிட வேண்டும். மூலை பாக்கியிருந்தாலும் சரி.

திங்கட்கிழமைக்கு எதிரே ஒரு கோடு மட்டும் கிழித்தேன். வேலை கிடையாது. செவ்வாயும் சனியும் துணி. வாஷிங் மெஷின் துவைத்துவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் உலர்த்துவதும் மடிப்பதும் இன்னும் மனுஷர் வேலையாகத்தான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் துவைத்தபோது எங்கள் வீட்டுக் கொடியும் நாற்காலிகளும் துணி இல்லாமல் இருந்ததே இல்லை. மழை நாட்களில் ஈர வாசனை வேறு. இரண்டு நாளாக்கிய பிறகு மற்ற நாட்களில் நாற்காலியில் மனுஷர் உட்கார முடிகிறது. குழந்தைகளின் யூனிபாரம் மூன்று ஜதை இருந்தால்தான் இந்த ஏற்பாடு செல்லும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழக்கிழமைக்கு விளக்கும் குளியலறையும். விளக்கு என்றால் வியாழன் என்று அத்தை சொன்ன பிறகு அதை மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை வீடு முழுவதும் துடைப்பது. இதிலே ஒரு ஜாக்கிரதை வேண்டும். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஈரத் தரையைப் போல எதிரி இல்லை. அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். துடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, காய்ந்துவிட்டதா என்று நான் வெறுங்காலால் ஒரு நடை நடந்து பார்த்துச் சொன்ன பிறகே வாக்கர் கீழே இறங்கும்.

ஞாயிறும் புதனும் மாவு அரைக்கும் நாட்கள். இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். ஏனென்றால் என் வாரத்தை நிமிர்த்தி வைத்த தூண் இதுதான். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். ஞாயிறு மத்தியானம் ஊறப்போட்டு மாலையில் அரைத்தால் இரவுக்குள் பொங்கிவிடும். மார்கழிக் குளிரில் மட்டும் இன்னும் சில மணி நேரம் பிடிவாதம் பண்ணும். திங்கள், செவ்வாய் இட்லி. புதன் காலை தோசை. புதன் மாலை மறுபடி அரைத்தால் வியாழன், வெள்ளி இட்லி. சனிக்கிழமை புளித்த மாவில் வெங்காயம் தூவி ஊத்தப்பம், மிஞ்சினால் பணியாரம். தினமும் ஒரே மாதிரியா என்று என் பெண் முகத்தைச் சுளித்தாள். சட்னி தினமும் வேறு என்று சமாதானம் சொன்னேன். உண்மையில், 'காலையில் என்ன டிபன்?' என்ற கேள்வி ராத்திரித் தூக்கத்தைவிட்டு ஒழிந்ததே பெரிய பாக்கியம். அடுப்படியில் நிற்பதில் உள்ள சிரமத்தைவிட, என்ன செய்வது என்று நிற்கிற சிரமம் அதிகம் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

காய்கறியும் அப்படித்தான். ஞாயிறு காலையில் வாரத்துக்கு வேண்டியதை வாங்கிவிடுகிறோம். முதலில் கெடுவதை முதலில் சமைப்பது என்று ஒரு வரிசை. ஞாயிறும் திங்களும் கீரை. அடுத்த இரண்டு நாள் வெண்டை, அவரை, கத்தரி. அதற்கப்புறம் கோஸ், புடலை. வாரக் கடைசிக்கு உருளை, சேனை, பூசணி. வெள்ளிக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்தால் அழுகிப் போன வெண்டைக்காயின் தரிசனம் இப்போது கிடைப்பதில்லை.

இந்தக் கீரையில்தான் ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் அத்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நான் ஏதாச்சும் செய்யட்டுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க படுத்திருங்க அத்தை, அது போதும்" என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அன்பாகத்தான் சொன்னோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சாப்பாடு நாளுக்கு நாள் குறைந்தது. அரைத் தம்ளர் காபி போதும் என்பார். நடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண், "பாட்டி முயற்சியே எடுக்கமாட்டேங்கிறாங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள்.

அட்டையில் எழுதும்போது நான் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் போட்டேன். அத்தை கட்டிலிலிருந்தே கேட்டார்: "எனக்கு எது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'கீரை' என்று எழுதியிருந்தேன். முருங்கைக் கீரை உருவவும், அரைக்கீரை ஆயவும் கால் வேண்டியதில்லை. கையும் கண்ணும் இருந்தால் போதும். "கீரை உங்களுக்கு, அத்தை. இஸ்திரிக் கணக்கும் பால் கணக்கும் உங்களுக்கு" என்றேன்.

"பெயரைப் போட்டு எழுது" என்றார்.

எழுதினேன். அந்த ஞாயிறு, உயரமான நாற்காலியில் அவரை உட்காரவைத்து, முன்னால் மேஜை போட்டு, முறத்தில் முருங்கைக் கீரையை வைத்தோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து உருவினார். அதற்கு முந்திய நாள் வரையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்றவர்! ஒரு காம்புகூட இல்லாமல் உருவி முடித்துவிட்டு, நான் குறைவாக உப்புப் போட்டுவிட்டேன் என்று குற்றமும் சொல்லி, இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்காரரிடம் முப்பத்தெட்டு உருப்படி போட்டதாகவும் முப்பத்தேழுதான் வந்ததாகவும் ஒரு சனிக்கிழமை அவர் கண்டுபிடித்தபோது வீடே அமர்க்களப்பட்டது. காணாமல் போன தலையணை உறை மறுநாள் வந்து சேர்ந்தது.

அட்டையைச் சமையலறையில் மாட்டுவதாக இருந்தேன். தமக்குத் தெரிகிற இடத்தில் மாட்டச் சொல்லி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் செய்துவிட்டார். அதிலும் ஒரு நன்மை விளைந்தது. அதுவரையில் யார் எதைச் செய்ய வேண்டும் என்ற ஞாபகம் முழுவதும் என் தலைக்குள் இருந்தது. இப்போது அது சுவரில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அத்தை வாய் மூலமாக ஒலிபரப்பாகிறது. "இன்னிக்கு வியாழன். குளியலறை யாரு?"

குளியலறை என் வீட்டுக்காரர். இங்கே புருஷர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மத்திய சர்க்கார் 2019-இல் நாடு முழுவதும், மக்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அப்போது ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வீட்டு வேலை செய்தார்கள்; ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். செய்த பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம் செய்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிஷம் குறைவு. செய்த ஆண்கள் 97 நிமிஷம். "சர்க்கரை டப்பா எங்கே இருக்கு?" என்று கேட்டு நின்ற நேரமும் அந்த 97-இல் சேர்த்தியா என்று கணக்கெடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் அந்த 26 பேரில் ஒருவர்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் செய்வதற்கு எங்கள் வீட்டில் 'உதவி' என்று பெயர். உதவி செய்கிறவரிடம் நாம் சொல்ல வேண்டும். சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். முடிந்ததும் நன்றாயிருக்கிறது என்று மெச்ச வேண்டும். அந்த நேரத்தில் நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிடும். அட்டையில் பெயர் ஏறிய பிறகு உதவி என்ற பேச்சு போய்விட்டது. வியாழக்கிழமைக் குளியலறை அவருடையது. சனிக்கிழமை மருந்துப் பெட்டியும் அவருடையது. ஏழு நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று மாத்திரைகளைப் பிரித்து வைத்து, தீர்ந்து போகிறதை நாலு நாள் முன்னாலேயே வாங்கி, பில்களைக் கட்டி, ரசீதுகளைக் கோத்து வைப்பது வரையில் அவர் பாடு. பினாயில் தீர்ந்தால் அதை வாங்குவதும் குளியலறை வேலையில் சேர்ந்தது என்பதை அவர் ஒத்துக்கொள்ள இரண்டு வியாழக்கிழமை ஆயிற்று. அவர் துடைக்கிற விதம் எனக்குப் பிடித்தமானதல்ல. அதைச் சொல்லாமல் இருப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட பிரயாசை அட்டையில் எழுதப்படாத ஒரு தனி வேலை.

பிள்ளைக்குத் துணி உலர்த்துவதும், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கீழே கொண்டுபோவதும். பெண்ணுக்கு மடிப்பது. "அண்ணாவுக்கு மட்டும் ஏன் ஈசியான வேலை?" என்று அவள் முதல் நாளே வழக்குத் தொடுத்தாள். மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். தை மாதம் முழுவதும் பிள்ளை மடித்த சட்டைகளைப் பார்த்தபோது, அப்பீலுக்கு இடமிருக்கிறதா என்று எனக்கே தோன்றியது.

எங்கள் மாடியிலேயே இருக்கிற ஒரு சிநேகிதி அட்டையைப் பார்த்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "எல்லாம் சரி. வியாழக்கிழமை விருந்தாளி வந்துட்டா?"

"அந்த வியாழன் கிடையாது. அடுத்த வியாழன்தான்."

"வெள்ளிக்கிழமை சேர்த்துச் செஞ்சுட மாட்டீங்களா?"

"மாட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. வியாழன் பாக்கியை வெள்ளி தலையில் ஏற்றினால், வெள்ளி சனியின் தலையில் ஏறும். ஞாயிறு வரும்போது பழைய மலை அப்படியே எதிரில் நிற்கும். அப்புறம் அட்டையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, எந்தத் திட்டமும் நமக்கு உதவாது என்று பெருமூச்சு விட வேண்டியதுதான். மாவு, மருந்து, குப்பை இந்த மூன்றும் தள்ளிப் போடக்கூடாதவை. மீதி எதுவும் ஏழு நாளில் ஓடிப்போய்விடாது. பதினாலு நாள் தேய்க்காத விளக்கு கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். புளி கொஞ்சம் கூடப் போட்டால் ஆயிற்று.

கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த அட்டைகூட வேண்டாம் என்பேன். தினப்படி மூன்று காரியத்தோடு நிறுத்திக்கொண்டு, குழந்தை தூங்கும்போது தாமும் தூங்கட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, விடிந்தால் எழுந்திருக்கவே பயமாயிருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் அட்டையையும் பேனாவையும் நீட்டாதீர்கள். அது வீட்டு வேலைச் சமாசாரம் அல்ல. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய சமாசாரம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையைப் பற்றிச் சொல்லவில்லையே! மாவை அரைத்து வழித்து வைத்த பிறகு அன்றைக்கு ஒன்றும் கிடையாது. அட்டையிலும் 'ஒன்றுமில்லை' என்றே எழுதியிருக்கிறது. முதல் ஞாயிறு அன்றைக்குக் கை பரபரத்தது. அலமாரியின் பக்கம் போனேன். "அதிலே என்ன போட்டிருக்குன்னு படி" என்றார் அத்தை. உட்கார்ந்து, நிறுத்தி வைத்திருந்த தொடர்கதையை ஐந்து வாரத்துக்குச் சேர்த்துப் படித்தேன். இப்போது அந்த நேரத்தில் அத்தையும் நானும் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறோம். மாமனார் இருந்த காலத்துக் கதைகள், அவர் சொல்லாமல் விட்டுவிட்ட கதைகள் எல்லாம் வருகின்றன. பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம்; அத்தை கல்யாணத்துக்கு முன் சிலம்பம் பழகியவர் என்பது எனக்கு மாசி மாதத்தில்தான் தெரிந்தது.

வாக்கர் போய்ப் பங்குனியில் கைத்தடி வந்தது. முருகன் பட அட்டை எண்ணெயும் மஞ்சளும் பட்டு நிறம் மாறிவிட்டதால், சென்ற வாரம் புது அட்டை எழுத உட்கார்ந்தோம். என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கிறது என்று அத்தை பேனாவை வாங்கிக்கொண்டார். ஏழு கிழமையும் முத்து முத்தாக எழுதி, சுவரில் மாட்டும்படி என் பிள்ளையிடம் கொடுத்தார். மாட்டிய பிறகுதான் கவனித்தேன். வெள்ளிக்கிழமைக்கு எதிரே, வீடு துடைப்பதற்குக் கீழே, நான் சொல்லாத வரி ஒன்று இருந்தது: 'மாலை, கோயில். லிஃப்ட் ஓடினால்.'